பையோடு நின்ற கன்றுகள்

மேல்மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் பல்கனியில் பூச்சட்டிகள் வைக்கத் தொடங்கியிருக்கிறாள். நேற்றுக் காலை அவள் தண்ணீர் ஊற்ற, சட்டிகளின் அடியால் வடிந்த பழுப்பு நீர் என் யன்னல் கம்பியில் சொட்டியது. சண்டை பிடிக்கத்தான் எழுந்தேன். எழுந்தவளை அந்த மணம் தோளில் பிடித்து உட்கார்த்திவிட்டது. நனைந்த தும்புச்சோறு. தேங்காய் மட்டையை அடித்துத் தும்பை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற தூள். காய்ந்து கிடந்தால் அதற்கென்று ஒரு மணமும் இல்லை. நனைந்தால் கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மழை, எங்கோ அடியில் கொஞ்சம் கடல். அதை முகர்ந்தால் இன்றைக்கும் என் நகக்கண்களுக்குள் அரிக்கும். ஒரு காலத்தில் நாள் முழுக்க அதைக் கறுப்புப் பொலித்தீன் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தவள் நான்.

போர் முடிந்த அடுத்தடுத்த வருடங்கள். வண்ணாத்திவில்லில் ஒரு சின்ன நிறுவனம், ஒரு நாற்றுமேடை, மூன்று கதிரை, ஒரு அலுமாரி. என் பதவி மரநடுகைப் பயிற்றுநர். நான் பிறந்தது உடப்பில். எங்கள் ஊரில் மரத்தைப் பார்த்தால் தோணிக்கு ஆகுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் வளவில் நின்ற ஒரே முருங்கையையும் உப்புக்காற்று ஒரு பக்கமாகவே தலைசீவி வைத்திருந்தது. அப்படிப்பட்டவள் ஐந்து நாள் பயிற்சி எடுத்து, ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டு, மண்ணிலேயே கிடந்து வளர்ந்த பெண்களுக்கு மரம் வைக்கப் படிப்பிக்கப் போனேன். நீங்கள் சிரிக்கலாம். அவர்களும் சிரித்தார்கள்.

முதல் வகுப்பு கன்று வைக்கக் கிடங்கு வெட்டுவது. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று மண்வெட்டியை நானே வாங்கினேன். வியர்த்து ஒழுகி, முழங்கால் அளவு கிடங்குக்குள் நின்றபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், இது கண்டுக்கா, ஆளுக்கா?"

"ஆளுக்கெண்டா பத்தாதுடி. மடக்கித்தான் வெக்கணும்."

இரண்டாவதாகச் சொன்னவர் ஜெஸீமா ராத்தா. ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா, கண்டு என்றால் கன்று. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவனை இழந்தவர், அந்தக் குடியிருப்பின் பெண்கள் குழுவுக்குத் தலைவி. மெலிந்த உடம்பு. சிரிக்காமல் பகிடி விடுவார். அவர் முகத்தைப் பார்த்து எது பகிடி, எது மெய் என்று பிரித்தறிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மெய்யாகவே பிரித்தறிந்தேனா என்பது இன்னும் சந்தேகம்தான்.

எலுவன்குளத்துக்குப் போகிற பாதையில் உள்ளே விலகி இருந்த ஒரு தென்னங்காணி அந்தக் குடியிருப்பு. கிடுகும் தகரமுமாக முப்பது வீடுகள். இருபது வருடங்களுக்கு முன்பு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, சொன்ன தவணைக்குள் ஊரைவிட்டு வெளியேறவேண்டியிருந்த முசலிப் பக்கத்துக் குடும்பங்கள். தோணியேறிக் கற்பிட்டியில் இறங்கி, பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்தெழும்பி, கடைசியில் இங்கே வந்தவர்கள். காணிக்காரர் ஒரு ஹாஜியார். இருங்கள் என்றார், இருந்தார்கள். ஒரு சதம் வாடகை கேட்டதில்லை.

எங்கள் திட்டம் எளிது. வீட்டுக்குப் பத்து ஒட்டுக் கஜுக் கன்று, அதாவது முந்திரி. மூன்றாம் வருடம் காய்க்கும். பெண்கள் சேர்ந்து கொட்டையை விற்று வருமானம் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போய் எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்று எண்ணிப் படிவத்தில் நிரப்பவேண்டும்.

மற்றக் கிராமங்களில் அந்த எண்ணிக்கை எனக்குப் பிடிக்காத வேலை. ஆடு தின்றிருக்கும், கறையான் அரித்திருக்கும், மருமகன் மாட்டைக் கட்டி முறித்திருப்பான். இங்கே மட்டும் ஒன்றுகூடச் சாகவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம், அத்தனை கன்றும் தளதளவென்று. அலுவலகத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அந்த உசாரில் "மண்ணை நம்பிய பெண்கள்" என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். அதில் "வேர்" என்ற சொல் பதினொரு தடவை வந்தது. இப்போது எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தை மாதம், கஜு பூக்கிற காலம். அலுவலக வாகனம் வேறு வேலையாக எலுவன்குளம் போனது. நானும் தொற்றிக்கொண்டு, போகவேண்டிய நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே அந்தத் திருப்பத்தில் இறங்கினேன். காணிக்குள் நுழைந்தால் நான் படிப்பித்த அளவில் வெட்டிய கிடங்குகள் வரிசையாக, வெறுமையாக. ஒன்றில் ஒரு பேட்டுக்கோழி மண்குளித்துக்கொண்டிருந்தது. கன்று ஒன்றைக்கூடக் காணோம்.

"அல்லாவே, மிஸ் வந்துட்டா!"

எங்கிருந்தோ ஒரு சத்தம். அடுத்த நிமிடம் வீட்டுப் பின்பக்கங்களிலிருந்து பெண்கள் கறுப்புப் பைகளோடு ஓடிவந்தார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்குவதுபோல இடுப்புக்கு ஒரு கன்று. கிடங்குக்குள் பையோடு இறக்கி, சுற்றிவர மண்ணைக் கையால் தள்ளி மூடினார்கள். பழகிய கைகள். ஒன்பது மாதமாக நான் எண்ணியது இதைத்தான். நான் வருமுன் வைத்து, நான் போனபின் எடுத்து.

"ஓடாதீங்கடி. பாத்துட்டா," என்றார் ஜெஸீமா ராத்தா, கிணற்றடியிலிருந்து.

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒருத்தி கன்றை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "எங்களப் பத்தி எழுதிராதீங்க மிஸ்," என்றாள். எழுதிவிட்டேனே, பதினொரு வேரோடு என்று நான் சொல்லவில்லை.

ராத்தா பாணும் தேத்தண்ணியும் தந்தார்.

"ஏன் ராத்தா?"

"குடில் போடலாம். கிணறு வெட்டலாம். கீரை, மொளகா, என்ன வேணுமெண்டாலும் போடலாம். மரம் மட்டும் வெக்கேலா. முதல் நாளே ஹாஜியார் சொன்ன சொல்லு அது."

இந்தப் பக்கத்துத் தென்னங்காணிகளில் அது பழைய வழமை. அடுத்தவன் காணியில் மரம் வைத்தவனுக்கு மரத்தில் பங்கு உண்டு. பங்கு கேட்டு வழக்குக்குப் போன கதை ஊருக்கு ஒன்று இருக்கும். வீட்டைப் பிரித்து அனுப்பலாம். மரத்தை வைத்தவனை அப்படி அனுப்ப முடியாது. ஐந்து நாள் பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடற்கரையில் வளர்ந்தவளுக்குத் தானாகவும் தெரிந்திருக்கவில்லை.

"அப்ப ஏன் கண்டு வாங்கினீங்க?"

"தந்தீங்க, வாங்கினோம். ஊருக்குப் போறப்ப கொண்டு போகலாந்தானே. பையில நிண்டா என்ட. மண்ணுல எறங்கினா ஆருட எண்டு சண்ட."

பைக்குள் வேர் சுருண்டு சுருண்டு தன்னையே நெரிக்கும், இன்னும் ஒரு வருடம் தாங்காது என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்துபோய்க் கிணற்றடியைக் காட்டினார். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற ஈரத்தில் ஒரு கன்று, என் நெஞ்சளவு உயரம், நுனியில் இளஞ்சிவப்பாகப் பூங்கொத்து. அதை இடுப்பில் தூக்க அவர் போனபோது அது வரவில்லையாம். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு வேர் இறங்கிவிட்டது.

"நான் வெக்கல்ல மிஸ். அது தானா எறங்கிட்டு."

நான் அன்றைக்குப் பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வயதில் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிற நோய் இருந்தது. ஹாஜியாரிடம் நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார் ராத்தா. இரண்டு தடவை சொன்னார். நான் போனேன்.

ஹாஜியார் நல்ல மனிதர். கதை அவரைக் கெட்டவராக்கப் பார்த்தால் நீங்கள் நம்பவேண்டாம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுநாள் குடையை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்தார். கிணற்றடிக் கன்றின் முன் குனிந்து, தண்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"இருவது வருசம். ஒரு நாளாவது ஒங்கள நான் போகச் சொன்னனா?"

"இல்ல ஹாஜியார்," என்றார் ராத்தா.

"எனக்கு மூணு நானாமார் ஈக்கிறாங்க. காணி இன்னம் பிரிக்கல்ல. நாளைக்கி அவங்க வந்து இது ஆருட மரமெண்டு கேட்டா நான் என்ன சொல்ற?"

நானாமார் என்றால் அண்ணன்மார். அவரே ஒரு வழி சொன்னார். ஒரு கடதாசி எழுதவேண்டும். மரங்கள் எங்களுடையவை அல்ல, காணிக்காரருடையவை என்று எல்லாரும் ஒப்பம் வைக்கவேண்டும். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், காயைப் பறித்து விற்கலாம், தனக்குக் காயில் பங்கு வேண்டாம். ஒப்பம் வைக்காதவர்கள் கன்று எதையும் மண்ணில் வைத்திருக்கக் கூடாது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றே உட்கார்ந்து கடதாசியை எழுதினேன். நல்ல தமிழ், தெளிவான பந்தி, முப்பது பேரின் பெயரும் வரிசையாக, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு புள்ளிக்கோடு. இருபத்தொன்பது கோடுகள் அந்த வெள்ளிக்கிழமைக்குள் நிரம்பின. ஒருத்தி ஒப்பம் வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் தரும்போது, "இனி இடுப்பு நோவு கொறையும் மிஸ்," என்றாள். அன்றைக்கே பைகளைக் கிழித்தார்கள். தும்புச்சோற்றின் மணம் காணி முழுக்கக் கிளம்பியது.

ராத்தா மட்டும் கடதாசியைக் கையில் வாங்கி இரண்டு முறை வாசித்தார். எழுத்துக் கூட்டி அல்ல, நன்றாகவே வாசிப்பார்.

"வடிவா எழுதியிருக்கீங்க."

"காய் உங்களுக்குத்தான் ராத்தா. பேர் மட்டுந்தான் அவருக்கு."

"ஓம். விளங்குது." கடதாசியை மடித்து என் மடியில் வைத்தார். "ஊர விட்டு வாறப்ப வீடு, கெணறு, வாப்பா வெச்ச பன, மாடு, எல்லாத்தையும் விட்டுட்டு வந்தன். அண்டைக்குங்கூட இது என்டது இல்லயெண்டு ஒருத்தருக்கும் ஒப்பம் வெச்சுக் குடுக்கல்ல மிஸ்."

பகிடியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

ஹாஜியார் ஒரு மாதத் தவணை கொடுத்தார். ஒப்பம் வைக்கலாம், அல்லது அந்த ஒரு கன்றை வெட்டிவிடலாம், எப்போதும்போல இருக்கலாம் என்றார். ஒரு கன்றுதானே என்று மற்றப் பெண்களும் கெஞ்சினார்கள். மகள் புத்தளத்திலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனாள். ராத்தா ஒப்பமும் வைக்கவில்லை, வெட்டவும் இல்லை. முசலிக்குத் திரும்புகிறவர்களின் பெயரை எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முந்தல் ஊரில் இருந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அங்கே அவர்களது வளவில் காடு ஏறிக் கிடந்தது. கிணற்றுக்குள் ஒரு மரமே நின்றதாம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். அந்தக் குடியிருப்பிலிருந்து முதலில் போனது அவர் ஒருத்திதான்.

நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கடதாசிக் கோவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சில வருடங்கள் கழித்து அந்தப் பாதையால் போகும்போது இறங்கிப் பார்த்தேன். ஹாஜியார் மவுத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது. காணி நான்காகப் பிரிந்து நடுவில் முட்கம்பி ஓடியது. குடில்கள் இல்லை, குடும்பங்கள் அரசாங்கக் காணிக்கும் சொந்த ஊருக்குமாகப் பிரிந்திருந்தன. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ஒரு துண்டில் கஜு மரங்கள் அடர்ந்து நின்றன, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. எந்த மரம் தானாக இறங்கியது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வண்ணாத்திவில்லில் எங்கள் அலுவலகம் தொலைபேசிக் கடை. நாற்றுமேடை இருந்த இடத்தில் மணல்தான். அந்தப் படிவங்கள், அந்தக் கடதாசி, அலுமாரியோடு எங்கே போயின என்று தெரியவில்லை. ராத்தாவின் தொலைபேசி இலக்கமும் வேலை செய்வதில்லை.

ராத்தா ஊருக்குக் கிளம்பிய அந்தக் காலையில் நானும் போயிருந்தேன். லொறியின் பின்னால் ஒரு கட்டில், தகரங்கள், ஒரு தையல் மெசின், அதைச் சுற்றி ஒன்பது கன்றுகள் பையோடு. ஹாஜியார் ஒரு குலை செவ்விளநீர் கொண்டுவந்து ஏற்றினார்.

"போகச் சொல்லி நான் சொல்லல்ல," என்றார்.

"இல்ல ஹாஜியார். நீங்க சொல்லல்ல. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்."

பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார்கள். ராத்தா முன்னால் ஏறி உட்கார்ந்தார். லொறி உறுமி அசையத் தொடங்கியதும், ஏதோ ஞாபகம் வந்தவர்போலக் கதவால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போனேன்.

"மிஸ், அந்தக் கடதாசியில என்ட பேருக்கு நேர வேற ஆரும் ஒப்பம் வெச்சிராமப் பாத்துக்கங்க."