பற்பொடி விளம்பரம்

போன மாதம் மருமகள் என் கைபேசியில் ஒரு பாட்டுச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். "மாமா, இது ஃப்ரீதான். என்ன பாட்டு வேணுமோ சொன்னாப் போதும், பாடும். நடுவுல நடுவுல விளம்பரம் வரும், அதை மட்டும் கண்டுக்காதீங்க" என்றாள். பழைய பாட்டொன்றின் முதல் வரியைச் சொன்னேன். பாடியது. அது முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஓர் ஆண்குரல் குறுக்கே வந்து துணி சோப்பைப் பற்றி உற்சாகமாகப் பேசியது. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகச் சேர்ந்து காற்றில் எதையோ திருகின. "என்ன மாமா தேடுறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அது பொய்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாங்கள் கொடைக்கானலுக்குக் கீழே பள்ளங்கி என்ற மலைக்கிராமத்தில் இருந்தோம். ஊருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. பூண்டு நன்றாக விளைந்த ஒரு வருஷம் அப்பா டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று வாங்கி வந்தார். சரிவைப் பார்த்த தெற்கு ஜன்னலில் வைத்தால், சிலோன் ஸ்டேஷன் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். பாட்டுகள் வரும், பாட்டுகளுக்கு இடையே விளம்பரங்கள் வரும். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டால் மேலே கொடைக்கானல் பஜாரில் ராவுத்தர் கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் தேய்ந்த கட்டைகளை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவோம். மேகம் இறங்கி வெயிலே காணாத நாட்களில் அடுப்பு ஓரத்தில் வைத்துச் சூடேற்றுவோம்.

இதற்கும் மேலே அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். விளம்பரம் வந்தால் ரேடியோவை அணைத்துவிட வேண்டும். "அவன் பற்பொடி விக்கிறதுக்கு நம்ம பேட்டரி தேயணுமாலே?" என்பார். அந்த உத்தியோகம் எனக்கு. பாட்டின் கடைசி இழுப்பு ஓய்வதற்குள் திருகி அணைப்பேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்து அடுத்த பாட்டின் முதல் தாளத்தில் திறப்பேன். என் கைநேர்த்தியைப் பார்க்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று நம்பினேன். அவர்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள்.

அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அவள் கணவர், என் மாமா, கொழும்பில் ஏதோ கடையில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவர் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் இன்னொரு சட்டம். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அத்தை ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருப்பாள். நான் அணைக்கப் போகும்போது சில சமயம், "இருய்யா, அவுகளும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டுமே" என்பாள்.

"அப்பாகிட்டச் சொல்லிருவேன்" என்பேன். அதற்குப் பிறகு கத்தி மட்டும் பூண்டில் ஓடும்.

ஒருநாள் மழையில் பாதை சரிந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் இருந்தார்கள். வீட்டுப் பக்கம் வரும்போது ஜன்னலில் ரேடியோ பாடியது. சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு துண்டுப் பாட்டு, மறுபடி மௌனம். எட்டிப் பார்த்தேன். அத்தை ரேடியோவின் முன் மண்டியிட்டு, திருகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தால் அணைத்தாள். உதடு அசைய எதையோ எண்ணினாள். திறந்தாள். பாட்டு முடியாதிருந்தால் மறுபடி அணைத்தாள். நான் செய்வதையே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பற்பொடி விளம்பரம் வந்தது. அதில் ஒரு கணவன் தன் மனைவியிடம், "எங்கே, ஒரு தடவை சிரி பார்ப்போம்" என்று கேட்பான். கனத்த, கொஞ்சலான குரல். அத்தை காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டாள். அவன் கேட்டு முடித்ததும், ஆளில்லாத வீட்டில், முந்தானையால் வாயை மூடியபடி அவள் சிரித்தாள்.

என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ரேடியோவை அணைத்தாள். "ஏலே, வெள்ளனே வந்துட்டியா?" என்றவள், எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் பூண்டு வாசனை. "யாருகிட்டயும் சொல்லிராத சாமி. உங்க அப்பா காதுக்குப் போயிரக் கூடாது." பேட்டரிக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். பெரிய மனிதன்போல் தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காட்டிலிருந்து சித்தப்பா மலைவாழைத் தாரோடு வந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை பரிமாறினாள். ஜன்னலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, ஆனால் கட்டை தேய்ந்து பாடகரின் குரல் சளி பிடித்ததுபோல் கம்மியது.

சித்தப்பா என்னைச் சீண்டினார். "என்னலே ரேடியோ ஆபீசரு, போன மாசம் போட்ட கட்டை அதுக்குள்ள மூச்சு வாங்குது? ஒன் சோலி அம்புட்டுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "நான் ஒண்ணும் வீணாக்கல. அத்தைதான். பாட்டை அணைச்சுப்போட்டு வெளம்பரத்தை மட்டும் கேக்குது!" என்றேன். சித்தப்பாவுக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது. எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். மண்டியிட்டேன், காதை ஒட்டினேன், "எங்கே, ஒரு தடவை சிரி பார்ப்போம்" என்று குரலைக் கனமாக்கிச் சொன்னேன். பிறகு துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அத்தையைப்போல் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

சித்தப்பாகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "எந்த வெளம்பரம்?" என்று கேட்டார்.

"பற்பொடி" என்றேன், பெருமையாக.

"போதும், உக்காந்து தின்னுலே" என்றாள் அம்மா. அத்தை குனிந்து என் தட்டில் ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு உள்ளே போனாள். அப்பா கை கழுவி வந்து, ரேடியோவின் முதுகைத் திறந்து கட்டைகளை வெளியே எடுத்தார். சாயங்கால ஜீப்பில் ரேடியோ சித்தப்பாவோடு பண்ணைக்காட்டுக்குப் போய்விட்டது. அப்பா கெட்டவர் அல்ல. தங்கையின் காயத்துக்கு மருந்து போடுவதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் அழுதேன், ரேடியோவுக்காக. மறுநாள் காலி ஜன்னலுக்குக் கீழே அத்தை பூண்டோடு உட்கார்ந்திருந்தபோது எதிரே போய் நின்று, "ஒன்னாலதான் ரேடியோ போச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமய்யா, என்னாலதான்" என்றாள்.

கல்லூரியிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்தபோது அம்மா சொன்னாள். சிலோனிலிருந்து திரும்பிய யாரோ கொண்டுவந்த சேதி அது. மாமாவுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, குரல் நன்றாக இருந்ததால் ரேடியோவில் விளம்பரமும் பேசுகிறார், பற்பொடிக்காரன் அவர்தான். வீட்டில் ரேடியோ இருந்த நாட்களிலேயே அப்பாவுக்கும் அத்தைக்கும் அது தெரியும். எந்த விளம்பரம் என்று அப்பா ஏன் கேட்டார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்த விளம்பரத்தில் கணவன் கேட்டதும் ஒரு பெண் கலகலவென்று சிரிப்பாள். அத்தை அந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதற்குள் தன் சிரிப்பையும் சேர்த்திருக்கிறாள்.

அதன் பிறகும் அத்தை நெடுநாள் இருந்தாள். வீட்டுக்கு மின்சாரம் வந்தது, வேறு ரேடியோ வந்தது, டிவி வந்தது. எதைப் போட்டாலும் அவள் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். விடுமுறை தவறாமல் போனேன். அவள் கையால் சாப்பிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை நான் எடுக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் சொல்லவில்லை.

இந்தச் செயலியில் அந்தக் காலப் பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன. அத்தை பாதியில் அணைத்த பாட்டுகளைக்கூட முழுவதாகக் கேட்டுவிட்டேன். அந்த விளம்பரம் இல்லை. எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் தேடினேன், மருமகளையும் தேடச் சொன்னேன். "பழைய விளம்பரத்தை எல்லாம் யாரு மாமா எடுத்து வச்சிருக்கப் போறாங்க?" என்றாள். மாதாமாதம் காசு கட்டினால் விளம்பரமே வராதாம், கட்டிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மாமாவுக்குக் கை இறுக்கம் என்று நினைத்திருப்பாள். ஒவ்வொரு விளம்பரத்தையும் கடைசிவரை கேட்கிறேன். கடன் வாங்கச் சொல்கிறார்கள், மனை வாங்கச் சொல்கிறார்கள். யாரும் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை.

அன்று ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்ற பையனுக்கு, கணவன் சிரிக்கச் சொன்னான் என்று ஒருத்தி சிரிக்கிறாள் என்பது தெரியவில்லை. பேட்டரி வீணாகிறது என்றுதான் அவன் நினைத்தான்.