மண்டூரிலிருந்து சிறுவர் ஐ.சி.யு. வரை, வயிற்றெரிச்சலோடு

சண்டை முடிந்த அடுத்த வருசம், வயல் வெட்டு ஓய்ந்த கையோடு எனக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பெருப்பித்துத் திருத்தியிருந்தார்கள். வந்து பார் என்று சுகந்தி அழைத்திருந்தாள். இருவரும் ஒன்றாகத் தாதிப் பயிற்சி முடித்தவர்கள். அவள் இன்று அந்தப் பிரிவின் பொறுப்புத் தாதி. நான் மண்டூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் சிலிண்டர் உருட்டுகிறேன். வாழ்த்தப் போனேன் என்று எழுதினால் பொய். வயிறு எரிய எரியத்தான் போனேன். கூடவே ஒரு காரியமும் இருந்தது: புது மெசின்கள் வந்தால் பழைய மொனிட்டர்கள் மிஞ்சும், அதில் ஒன்றை எங்கள் வாட்டுக்குக் கேட்டு வாங்கவேண்டும்.

காலை ஆறரைக்கு மண்டூர்த் துறை. வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். ஆளுக்குப் பத்து ரூபாய். காற்று எதிர்த்தால் அரைமணி நேரம்கூட ஆகும். பாதைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

“என்ன மிஸ், இண்டைக்குக் கையில அந்த பலூன் இல்லாம வாறீங்க?”

போன கிழமை வயல் வட்டைக்குள் காவல் குடிலில் படுத்திருந்த நாலு வயதுப் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. எங்களிடம் வரும்போதே மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. பலூன் போலிருக்கும் மூச்சுக் கொடுக்கும் பையை அமத்தியபடியே நான் அம்புலன்சோடு இதே பாதையில் வந்தேன். ஒக்சிசன் அளவு காட்டும் மொனிட்டர் இல்லை. நெஞ்சு ஏறுகிறதா, உதடு நீலமாகிறதா என்று பார்த்துப் பார்த்து அமத்தினேன். நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியதோடு சரி. பையன் என்ன ஆனான் என்று சுகந்தியிடம் கேட்கப் பயமாக இருந்தது.

குருமண்வெளியில் இறங்கி, ஓட்டோவில் களுவாஞ்சிக்குடி. அங்கிருந்து மட்டக்களப்புக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். பஸ்ஸில் இடப்பக்கம் குந்தாதீர்கள். காலை வெயில் படாது என்றாலும் வாசல் அந்தப் பக்கம், செட்டிபாளையம் தாண்டும்வரை சனம் ஏறி நசுக்கும். வாவிக்குக் கிழக்கே இந்த எழுவான்கரை ரோட்டுக்குப் புதுத்தார் போட்டிருந்தார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

சுகந்தி என்னை வாட்டுக்குள் கூட்டிப்போனாள். சுனாமியில் கடல் வந்த பிறகு யாரோ கொடுத்த மெசின்களை ஒரே அறைக்குள் நெருக்கி வைத்து நடத்திய இடம் அது. இப்போது நீண்ட மண்டபம். சுவரிலேயே ஒக்சிசன் வருகிறது! முழங்கையால் தட்டினால் தண்ணீர் கொட்டும் குழாய். தாய்மாருக்குப் படுக்கத் தனி அறை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்னக் கொளுக்கி, அதில் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பை. கோயில் நூலையும் தாயத்தையும் பிள்ளையின் கையில் விட்டால் ஊசி ஏற்ற முடியாது. அறுத்தால் வீட்டார் கலங்குவார்கள். அதனால் அவிழ்த்துப் பையில் போட்டுக் கண்ணுக்குத் தெரிய மாட்டிவிடுகிறார்கள். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

மொனிட்டரைக் கேட்டேன். சுகந்தி கையை விரித்தாள். “எத்தின இடத்தால கேக்கிறாங்க தெரியுமாகா? ஐ.சி.யு.வே இல்லாத இடத்துக்குக் குடுத்து என்ன செய்யிற?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். கடைசிக் கட்டிலில் அந்தப் பையன்! மூச்சுக்குப் போட்ட குழாயை எடுத்தாயிற்று, தானாகவே மூச்சு விடுகிறான். தாய் பக்கத்தில் இருந்தாள். என்னைத் தெரியவில்லை.

“மிஸ் எந்த ஊர்? மண்டூர்ப் பக்கமா? அங்க ஆஸ்பத்திரியில ஒண்டுமில்ல மிஸ். ஆருக்கும் ஏலாமப் போனா நேர இஞ்ச கொண்டுவரச் சொல்லுங்க. இந்தச் சுகந்தி மிஸ்தான் எண்ட புள்ளயக் காப்பாத்தின.”

எரிந்த எரிச்சலைச் சொல்லவே தேவையில்லை. “அப்ப பாதையில மூச்சுக் குடுத்தது ஆரு?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் என் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “நீங்களா மிஸ்? அண்டைக்கு நான் உங்கட முகத்தப் பாக்கல்ல. நீங்க புள்ளட நெஞ்சப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. நானும் அதத்தான் பாத்தன்.”

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். “மொனிட்டர் இல்லாம, வெறும் நெஞ்சப் பாத்துத்தானா இவனக் கொண்டுவந்த நீ?”

“வேற எதப் பாக்கிற?”

அவள் உடனே பெரிய டொக்டரின் அறைக்குப் போய் வந்தாள். மாலை நாலு மணி பஸ்ஸில் என் மடியில் பழைய மொனிட்டர் ஒன்று இருந்தது.

வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையிலிருந்து போகிறவர்களுக்குச் சில விசயங்கள். பார்வையாளர் நேரம் மத்தியானம்தான். முதல் பாதையைப் பிடியுங்கள். தாய்க்கு மாற்றுடுப்பும் போர்வையும் கொண்டுபோங்கள், உள்ளே நல்ல குளிர். நூலை அவிழ்த்தால் சண்டை பிடிக்காதீர்கள். மிக முக்கியமாக, மூச்சு முட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகத் துறைக்கு ஓடவேண்டாம். முதலில் எங்களிடம் வாருங்கள். பாதை அக்கரை சேரும்வரை பிள்ளைக்கு மூச்சு வேண்டும், அது எங்களிடம் உண்டு.

அந்தச் சுவர் ஒக்சிசனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.