வெயிலில் ஆடிய வைப்பர்

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வைட்ஃபீல்ட் சிக்னலில் என் மின்சார காரின் வைப்பர்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. காய்ந்த கண்ணாடியில் கர்ரக் கர்ரக்கென்று சத்தம். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரமே பெய்த மழையில் அதே வைப்பர்கள் அசையவே இல்லை. முன்னால் போகும் பஸ்கூடத் தெரியாமல், சுவிட்சைக் கையால் தட்டித் தட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர் காருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. "மழையைக் கண்டுபிடிக்கிற சென்சார் போயிடுச்சு மேடம். புதுசு வரணும், லேட்டாகும்" என்றார். கூட வந்த என் கணவரும் தலையாட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவள். எது கெட்டாலும், எப்போதிலிருந்து என்றுதான் முதலில் கேட்பேன். யோசித்துப் பார்த்தால், கல் பட்டு விரிசல் விட்ட முன்கண்ணாடியை மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரை அபார்ட்மெண்ட் வாசலில் நிறுத்தினேன். வேலூரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் ஒரு மக் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து வைப்பரைத் தானாக ஓடும் 'ஆட்டோ' நிலையில் வைத்தேன்.

"எங்கடி ஊத்தணும்?"

"மேல, நடுவுலம்மா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."

தண்ணீர் வழிந்து ஓடியது. வைப்பர் அசையவில்லை. இறங்கிப் போய், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் சென்சார் ஒட்டியிருந்த இடத்தில் போன் டார்ச்சை அடித்தேன். சென்சாரையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடிக்கும் ஜெல் பட்டைக்குள் பெரிதாக ஒரு காற்றுக்குமிழி. மழைத்துளியைப் பார்க்க வேண்டிய சென்சாரை அந்தக் குமிழிதான் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அம்மாவும் குனிந்து பார்த்தாள். "போன் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டறப்போ வருமே, அது மாதிரியே இருக்குதுடி!"

போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஹௌது, ஆமா மேடம், பபிள்தான். சென்சார் நல்லா இருக்கும்" என்று சொல்லி, பழைய பட்டையை உரித்துவிட்டுப் புதியதை அழுத்தி ஒட்டினார். தண்ணீர் தெளித்ததும் வைப்பர்கள் ஒரே வீச்சில் துடைத்தன. காய்ந்ததும் நின்றன. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றார், சென்சார் போய்விட்டது என்று சொன்னவர்.

"பார்த்தேன்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவை அல்சூர் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் எதையும் தொடவில்லை. தூறலுக்கு மெல்ல, கொட்டும்போது வேகமாக வைப்பர்கள் தாமாகவே ஓடின. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சித்தியிடம் போனில் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள்: "காரை முழுசா பிரிச்சுப் போட்டு, தானே ரிப்பேர் பண்ணிட்டா என் பொண்ணு!"

நான் திருத்தவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.