கம்பளம் இல்லாத வீட்டில் கம்பள வண்டு

மந்தைவெளி அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கும் சுப்புராயன், டெல்லியின் எத்தனையோ குளிர்காலங்களை மத்திய சர்க்காருக்கு அர்ப்பணித்தவர். அந்தத் தியாகத்துக்குச் சாட்சி, பரண்மேல் குளிர்கால உடுப்புகளோடு இருக்கும் டிரங்குப் பெட்டி. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊரில் அதைத் திறக்க வேலையே வரவில்லை. ஆனாலும் பெட்டியை அண்ணாந்து பார்த்தாலே போதும். கரோல்பாக் மொட்டைமாடியின் ஜனவரி வெயிலும், மனைவி ரத்னா உரித்த வேர்க்கடலையின் வாசனையும் இறங்கி வந்துவிடும்.

அந்தப் பெட்டிக்குத்தான் ஆபத்து வந்தது. ஜன்னலோரத்தில் கடுகளவு பூச்சி ஒன்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் லாரன்ஸ் குனிந்து பார்த்துத் தீர்ப்பு வழங்கினார்.

"மூட்டைப்பூச்சி சார்! பில்டிங் பூரா பரவிடும். பழைய சாமான் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"பரண்மேல ஒரு அருங்காட்சியகமே இருக்கு," என்றாள் ரத்னா. "நாளைக்கே காயலான் கடைக்குப் போட்டுடலாம்."

லாரன்ஸை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சுப்புராயன் பூதக்கண்ணாடியோடு ஜன்னலடியில் மண்டியிட்டார். மூட்டைப்பூச்சி தட்டை, இதுவோ குமிழ்போல உருண்டை. முதுகில் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று கோலப்பொடி தூவினாற்போலச் செதில்கள். உணர்கொம்பின் நுனியில் ஒரு குண்டு. கைபேசியில் தேடினார். கம்பள வண்டு! அதிலும் பல இனங்கள். செதில் அகலமா, ஒடிசலா என்று பார்த்துப் பிரிப்பார்களாம். தம்முடையது உலகம் அதிகம் அறியாத இனம் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அது முதுகைப் பிளந்து, சிறகை விரித்து, வெளிச்சத்தை நோக்கிப் பறந்தது.

"பாத்தீங்களா லாரன்ஸ்! மூட்டைப்பூச்சி எந்த ஊர்ல பறக்குது?"

"சாரி சார்," என்றார் செயலாளர்.

ரத்னா விடவில்லை. "சரி, அது என்னத்தைத் தின்னுமாம்?"

கைபேசியைப் பார்த்த சுப்புராயனின் குரல் இறங்கியது. "புழுவா இருக்கறப்போ... கம்பளி."

வீட்டில் கம்பளமே கிடையாது. கம்பளி இருந்த ஒரே இடம் பரண். வாதாடி ஜெயித்த வக்கீல், தன் கட்சிக்காரரைத் தானே கூண்டில் ஏற்றிவிட்டார்.

பெட்டி இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் குளிர்காலத்தில் ரத்னா பின்னிய மெரூன் ஸ்வெட்டர். உதறியதும் புழு உரித்துப்போட்ட முடி அடர்ந்த தோல்கள் கொட்டின. இடது கையின் முனையைக் காணோம்.

ரத்னா ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அவள் பின்னியபோது இடது கை நீளமாகிவிட்டது; அதைச் சொல்லியே காலமெல்லாம் கேலி செய்தவர் சுப்புராயன்.

"இப்பப் பாருங்க. ரெண்டும் சரியா இருக்கு."

அதன்பின் காயலான் கடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் நண்பகல், சித்திரை வெயிலில், மொட்டைமாடியில் காயும் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரோடு நின்றார் சுப்புராயன்.

"கழட்டுங்க, யாராவது பாக்கப் போறாங்க," என்று சொல்லிக்கொண்டே ரத்னா வேர்க்கடலை உரித்தாள்.