விடைக்கு முன் ஓர் அரைமூச்சு

என் குரலைப் பற்றி நான் பொய்யடக்கம் காட்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கிய இரண்டு ஆண்டுகளிலும், தமிழ் மேடையாயினும் ஆங்கில மேடையாயினும், ஒலிவாங்கி பழுதானாலும் என் சொல் கடைசி வரிசையை எட்டிவிடும் என்பதை எதிரணியினரே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குரல் பிறப்பில் கிடைத்ததன்று, பழகிப் பெற்றது. முக்கியமான சொல்லுக்கு முன் அரைமூச்சு அளவு மௌனம். பின்னர் அந்தச் சொல்லை ஒரு படி உயர்த்திச் சொல்லுதல். அது சபையின் மனத்தில் இறங்கும்வரை பொறுத்து, மிச்ச வாக்கியத்தைத் தணிந்த தொனியில் முடித்தல். இவற்றைக் கிணற்றடியிலும், சைக்கிளிலும், குண்டு வீச்சுக்கு ஒளிந்திருந்த பதுங்குகுழியிலும் பயின்றேன்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் அந்தக் குரலுக்கு வேலை இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இருபத்து மூன்று வயதில், சிஞ்ஞோரா என்று நான் அழைத்த ஓர் எஜமானியம்மாவின் வீட்டில் தரை துடைத்து, கம்பளம் தட்டி, சட்டைகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். "ஆம் சிஞ்ஞோரா", "முடிந்தது சிஞ்ஞோரா", "நாளை வருகிறேன் சிஞ்ஞோரா": நான் பகல் முழுவதும் பேசிய மொழி அவ்வளவுதான்.

வியா மக்வேதா என்ற பெரிய வீதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீனக் குடும்பத்தின் துணிக்கடை இருந்தது. ஒரு மாலை குளிர்ச்சட்டை ஒன்று வாங்கப் போனபோது, காசுப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து ஓர் ஆங்கில நூலை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்த பெண் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தாள். திருத்தாமல் என்னால் வெளியேற முடியவில்லை. அவளுடைய தந்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முழுப் பக்கத்தையும் வாசி" என்று இத்தாலியத்தில் கேட்டுக்கொண்டார். வாசித்தேன். கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் நான் அங்கே ஆசிரியன்.

அவளுக்குப் பதினேழு வயது. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சிறிய தாயார் இங்கிலாந்தில் இருந்தார். அங்கிருந்த ஒரு கல்லூரி அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயார், ஆங்கிலக் கேட்டலிலும் வாசிப்பிலும் தேறிய சான்றிதழ் ஒன்று மட்டும் வேண்டும். தந்தையின் நிபந்தனையும் ஒன்றுதான்: பரீட்சை ஒரே ஒரு முறை. தவறினால் காசுப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கதிரை அவளுக்கு நிரந்தரம். அடுத்த ஆண்டு எழுதவிருந்த மாமன் மகன்கள் இருவரும் வகுப்புக்கு வந்தார்கள்.

பயிற்சி நூல் உறவினர் ஒருவர் வேறு நகரத்திலிருந்து அனுப்பிய பழைய பிரதி. கேட்டல் பகுதிக்குரிய கசற்றுகள் தொலைந்துவிட்டன. ஆனால் அவற்றில் பேசப்படுவது முழுவதும் நூலின் இறுதியில் அச்சாகியிருந்தது. ஆகவே நானே கசற்றானேன்.

ஞாயிறு பிற்பகல்களில், அரைவாசி இறக்கிய இரும்புக் கதவுக்கு உள்ளே, கடையின் பின்னறையில் கூடினோம். குடைகள் அடைத்த பெட்டியின் மேல் அவள். காலுறைப் பெட்டிகளின் மேல் பையன்கள். நடுவில் நான், நின்றபடி. அமர்ந்து வாசிப்பது எனக்குப் பழக்கமில்லை. "ரயில் ஏழாம் மேடையிலிருந்து புறப்படும் என அறிவித்திருந்தோம். மன்னிக்கவும், ரயில் புறப்படுவது" என்று ஆங்கிலத்தில் வாசித்து, அரைமூச்சு நிறுத்தி, "ஒன்பதாம் மேடையிலிருந்து" என்று அந்த ஒன்பதைத் தூக்கி வைப்பேன். மூன்று பென்சில்களும் ஒரே கணத்தில் அசையும். இருபது கேள்விகளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது சரியாக வரும். வாசிப்புப் பயிற்சிக்கும் உரையை முதலில் நானே உரக்க வாசித்துக் காட்டுவேன். அவர்கள் என்னை "புரொபெசோரே", ஆசிரியரே, என்று அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஆறு நாட்கள் கம்பளம் தட்டலாம் என்று அப்போது தோன்றியது.

கிழமை நாட்களில் கேட்டுப் பழகுவதற்காக, அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த என் அறையில் கசற்றுகளை நிரப்பிக் கொடுத்தேன். அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த நண்பன் மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். அவனுடைய ஓய்வு நாளில் அவன் வெங்காயம் வெட்ட, நான் ரேப் ரெக்கோடருக்கு முன்னால் நின்று பதிவு செய்வேன்.

"டேய், நீ சோதனைக்கு வாசிக்கிறியோ, தேர்தலுக்கு வாசிக்கிறியோ?" என்றான் ஒருநாள்.

"உனக்கு விளங்காது. வாயை மூடு, உன்ரை குரலும் பதிவாகுது."

"ஆகட்டும். சீனாக்காரப் பிள்ளையள் எனக்கும் ரெண்டு வோட்டுப் போடுவினம்."

அவன் சிரித்தது அந்தக் கசற்றில் இருந்தது. அழித்துவிட்டு மீண்டும் பதிந்தேன்.

வசந்த காலத்தின் தொடக்கத்தில் சிஞ்ஞோரா வீட்டுக் கம்பளங்கள் அனைத்தையும் வெளியே எடுத்துத் தட்டச் சொன்னார். தூசி நெஞ்சுக்குள் இறங்கி என் தொண்டையை அடைத்துவிட்டது. அந்த ஞாயிறு உயர்த்தவும் தாழ்த்தவும் வலுவில்லாமல், கரகரத்த ஒரே தொனியில், புதிய பயிற்சி ஒன்றை வாசித்து முடித்தேன். அவளுக்கு ஏழு. பையன்களுக்கு ஆறும் ஐந்தும்.

நான் கோபித்தேன். கவனமில்லை, ஒழுங்கில்லை, முயற்சியில்லை என்று, தொண்டை அனுமதித்த அளவுக்கு, மூன்று தலைப்புகளில் கோபித்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். எங்கள் பேச்செல்லாம் இத்தாலியத்தில்தான். அதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

"புரொபெசோரே, இன்றைக்கு என்னால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை."

"எந்த இடத்தை?"

"விடை இருக்கிற இடத்தை. மற்ற நாட்களில் அதற்கு முன்னால் நீங்கள் மூச்சை நிறுத்துவீர்கள். அடுத்து வருகிற சொல்லை நான் எழுதிவிடுவேன். மிச்சத்தைக் கேட்பதேயில்லை."

"நான் கேட்கிறதே இல்லை, புருவத்தைத்தான் பார்க்கிறேன்," என்றான் இளையவன். "புருவம் ஏறினால் எழுத வேண்டும்." மூத்தவன் அவனை முழங்கையால் இடித்துவிட்டுத் தானும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நல்ல செவி இருந்தால் எந்தக் குரலையும் கேட்கலாம்," என்றேன். மேடையில் கைதட்டு வாங்கக்கூடிய பதில் அது. உண்மையில் அவளுக்குத் தேவையான பயிற்சியும் அதுதான். அதைத்தான் நான் கொடுக்கவில்லை.

ஆறுதல் தேடி இதை நண்பனிடம் சொன்னேன். அவன் சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பெட்டை சரியாத்தான் சொல்லியிருக்கிறாள். நீ வாசிக்கேல்லை மச்சான், விடையைக் காட்டிக் குடுக்கிறாய்."

"அழுத்தம் இல்லாமல் வாசிக்கிறது வாசிப்போ?"

"சோதனையிலை வாசிக்கிறவனுக்கு உன்ரை அழுத்தம் தெரியுமோ? கீழ்வீட்டு அக்காவைக் கேள். அவ இங்கிலீசிலைதான் படிச்சவ. மருந்துப் போத்தல் லேபலை வாசிக்கிற மாதிரி வாசிப்பா. அதுதான் உனக்கு வேணும்."

கீழ்வீட்டு அக்கா மொரீசியஸ்காரர். அவருடைய முன்னோர் பேசிய தமிழ் அவரிடம் வந்து சேரவில்லை. எங்களோடு இத்தாலியத்தில்தான் பேசுவார், "தம்பி" என்ற சொல்லை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு சிஞ்ஞோரா வீட்டில்தான் வேலை. கேட்டதும் மறுக்காமல் வந்தார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து, நூலைக் கை எட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, கசற்றின் ஒரு பக்கம் முழுவதும் தடங்கலின்றி வாசித்தார்.

"சரியா, தம்பி?"

"மிக நன்று, அக்கா."

அவர் போன பிறகு போட்டுக் கேட்டேன். ஏழாம் மேடையும் ஒன்பதாம் மேடையும் அவருடைய வாயில் ஒரே எடை. வானிலை, விலை, மன்னிப்பு எல்லாம் ஒரே நேர்கோட்டில் போயின. இரண்டு விடைகளைப் பிடிக்க நானே கசற்றைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது என்றே இன்று நம்புகிறேன். ஆனால் பயிற்சியில்லாத ஒரு குரல், தரை துடைத்து வந்த ஒரு குரல், அந்தப் பின்னறையில் என் இடத்தில் நிற்பதை நான் விரும்பவில்லை. நானும் தரை துடைத்துவிட்டுத்தான் அங்கே போகிறவன் என்பதை மறப்பதற்கு எனக்கு இருந்த ஒரே இடம் அது. பெர்மெசோ எனும் வதிவிட அனுமதிக்கான பத்திரங்கள் கிடந்த இழுப்பறைக்குள் கசற்றை வைத்து மூடினேன்.

பரீட்சைக்கு இன்னும் ஏழு ஞாயிறுகள் இருந்தன. ஏழும் போதுமானவை.

"குடுத்தியோ?" என்று நண்பன் இரண்டு முறை கேட்டான். "குடுக்கிறன்" என்று இரண்டு முறையும் சொன்னேன். என் தொண்டை தெளிந்தது. மதிப்பெண்கள் பத்தொன்பதுக்குத் திரும்பின. அதையே என் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். கடைசி ஞாயிறு அவள் கேட்டாள்:

"பரீட்சையில் யார் வாசிப்பார்கள், புரொபெசோரே?"

"நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைத்தான் வைப்பார்கள்."

 அவள் தலையசைத்தாள். என்னை நம்பத் தீர்மானித்த முகம் அது.

கோடையில் முடிவு வந்தது. வாசிப்பில் அவள் நல்ல புள்ளிகளோடு தேறியிருந்தாள். அது அவளுடைய சொந்த உழைப்பு. கேட்டலில் தவறியிருந்தாள், எல்லைக் கோட்டுக்கு வெகு கீழே. இரண்டிலும் தேறாமல் சான்றிதழ் இல்லை. நான் கடைக்குப் போனபோது கதவருகே நின்று மெதுவாகச் சொன்னாள்:

"அந்த மனிதர் எங்கேயும் நிற்கவில்லை, புரொபெசோரே."

தந்தை என்னை உள்ளே அழைத்து இருத்தித் தேநீர் கொடுத்தார். பிறகு கடையின் அடுக்குத் தட்டிலிருந்து வெள்ளைச் சட்டை ஒன்றை, பளபளத்த உறையோடு, எடுத்து இரு கைகளாலும் நீட்டினார்.

"நீங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். குறை இவளுடையது. இங்கே எப்போதும் பத்தொன்பது. அங்கே போய் எதையோ யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இவளுக்குப் படிப்பு போதும்."

அவள் எங்களுக்குப் பின்னால் நின்று, சட்டைகளுக்கு விலை ஒட்டும் கருவியை அழுத்திக்கொண்டிருந்தாள். டிக், டிக் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் எனக்காகக் காத்திருந்தாள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிந்தேன். வழக்கு முழுவதும் என் கையில் இருந்தது. குற்றம் யாருடையது, அது எப்படி நேர்ந்தது, அவளுக்கு ஏன் இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று மூன்று தலைப்புகள். விவாத மேடையில் தரும் ஏழு நிமிடம் தேவையில்லை, இரண்டு போதும். இழுப்பறையிலிருந்த கசற்று சான்றுப் பொருள். நடுவர் எனக்கு முன்னால், ஏற்கெனவே என் பக்கம் சாய்ந்தவராக, தேநீரோடு அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் மரண தண்டனை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே வாரத்தில் வாதாடி இரண்டிலும் வென்றவன் நான்.

"கிராட்சியே," என்று நன்றி மட்டும் சொன்னேன். சட்டையை வாங்கிக்கொண்டேன்.

டிக், டிக் என்ற சத்தம் மீண்டும் தொடங்கியது.

அடுத்த ஆண்டுக்குப் பையன்களைத் தயார் செய்ய வருமாறு தந்தை சொல்லி அனுப்பினார். வேலை நேரம் மாறிவிட்டது என்று பதில் அனுப்பினேன். அந்தத் தெருவைத் தவிர்த்து, பலாரோ சந்தையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன்.  ஒருமுறை, இழுப்பறையில் தன் பத்திரம் ஒன்றைத் தேடிய நண்பன், கசற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, அந்த வெள்ளைச் சட்டையோடு படியிறங்கும்போது, கடைப்பையோடு ஏறி வந்த அக்கா எதிர்ப்பட்டார்.

"புதுச் சட்டையா, தம்பி? உன் சிஞ்ஞோரா தந்ததா?"

"ஆம், அக்கா."

"உன்னிடம் கேட்க மறந்தே போனேன். அந்தச் சீனப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? என் கசற்று உதவியதா?"

"உதவியது, அக்கா. தேறிவிட்டாள்."

பையைப் படியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டினார். "இங்கிலாந்துக்குப் போய்விட்டாளா?"

"போய்விட்டாள்."

"எனக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது, தம்பி. ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கசற்றை ஒருமுறை போட்டுக் காட்டுவாயா?"

"அவள் கொண்டுபோய்விட்டாள், அக்கா. ஒன்றுதான் இருந்தது."

எங்கும் நிறுத்தவில்லை, எந்தச் சொல்லையும் உயர்த்தவில்லை. அவர் வாசித்ததைப் போலவே, ஒரே நேர்கோட்டில் சொன்னேன். அவர் நம்பினார்.

"அப்படியானால் என் குரலாவது இங்கிலாந்தைப் பார்த்துவிட்டது," என்று சிரித்தபடி பையைத் தூக்கினார். இன்றைக்கே தன் சிஞ்ஞோராவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றார்.