ரோஸலினும் என் காலி டேப்புகளும்

செவ்வாய்க்கிழமை காலை, ஓசூர் ரோடு நெரிசலில் ஆபீஸ் பஸ் நகராமல் நின்றிருந்தபோது செய்தி வந்தது. ரோஸலின் போய்விட்டாள். மாரடைப்பாம். "போடி, சும்மா சொல்லாத!" என்று போனில் சொன்ன தோழியிடம் கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டேட்டாபேஸ் வேலை செய்கிற நாமெல்லாம் மாதம் ஒரு சனிக்கிழமை காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில் கூடுவோமே, அதை நடத்தியவள் அவள்தான். அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தாள். பேச எழுந்தவர் முதலில் தான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பாடம். "சாதனையெல்லாம் ரெஸ்யூமேல இருக்கட்டும், இங்க வேணாம்" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் உப்புச்சப்பில்லாத தப்பாகப் பார்த்துச் சொல்லி மழுப்பினேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ், ஆளுக்குச் சில வாடிக்கையாளர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவள், தகவல்களை நகலெடுத்து வைக்கும் தன் பேக்கப் டேப் ஒன்றை எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் போட்டு, தகவல் எல்லாம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பாள். "என்னடி, வெள்ளிக்கிழமை பூஜை ஆச்சா?" என்று கிண்டல் செய்வேன். என் டேப்புகள் நாள்வாரியாக லேபிள் ஒட்டி, பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். ஒன்றைக்கூட நான் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு ரத்த வங்கியின் தகவல்கள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பழைய பதிவு ஒன்றை அழிக்கப் போனவள், எந்தப் பதிவு என்று குறிப்பிட மறந்து என்டரைத் தட்டிவிட்டேன். கொடையாளர் பட்டியல் மொத்தமும் காணாமல் போனது. டேப்பைப் போட்டேன். காலி. அடுத்ததும் காலி. டேப் டிரைவ் பழுதாகி எத்தனை மாதமோ, சும்மா சுற்றிக்கொண்டிருந்ததே தவிர எதையும் எழுதவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதாக ரோஸலினிடம் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "யாராவது ரத்தம் கேட்டு வந்து நிப்பாங்க சுமதி. டிஸ்க் போச்சுன்னு சொன்னா, அது ரிப்பேராகி வரட்டும்னு அவங்க உக்காந்திருப்பாங்க. உண்மையச் சொன்னா இப்பவே பேப்பரைத் தேடுவாங்க. போனை எடு."

எடுத்தேன். "சார், தப்பு என்னோடது. பட்டியல் அழிஞ்சிடுச்சு. பேக்கப்பும் இல்ல."

"அய்யோ தேவ்ரே!" என்று கடவுளைக் கூப்பிட்டார் ரத்த வங்கி நிர்வாகி. பிறகு கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். திட்டி முடித்ததும், கொடையாளர்கள் கையால் நிரப்பிய படிவங்கள் மாடியில் அட்டைப்பெட்டிகளில் கிடப்பதாகச் சொன்னார்.

மறுநாள் நல்லவேளையாக நம் சனிக்கிழமை. ரோஸலின் வேறு எல்லாப் பேச்சையும் ரத்து செய்துவிட்டு என்னை எழுப்பி நிறுத்தினாள். முதன்முறையாக ஒழுங்காக ஒரு தப்பைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "சரி, எந்திரிங்க. கூட்டத்துக்கு வாங்கின வடைய அங்க போய்த் தின்னலாம்" என்றாள் ரோஸலின். கூட்டம் மொத்தமும் ரத்த வங்கிக்குக் கிளம்பியது. இதைப் படிக்கிற உங்களில் பலர் அன்று அந்தப் பெட்டிகளின் நடுவே உட்கார்ந்து பெயர் பெயராகக் கம்ப்யூட்டரில் தட்டினீர்கள். சிலர் போன கையோடு ரத்தமும் கொடுத்தீர்கள். ஞாயிறு மாலைக்குள் பட்டியல் திரும்பி வந்தது. அந்த நிர்வாகி எங்களை விட்டுப் போகவில்லை, இன்றும் எங்கள் வாடிக்கையாளர்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆபீஸ் போனேன். இன்னொரு வாடிக்கையாளருக்குப் போன மாதம் அனுப்பிய அறிக்கையில் நான் விட்டிருந்த பிழை கண்ணில் பட்டது. அவர்கள் கவனிக்கவில்லை, கவனிக்கப்போவதும் இல்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அழுதேன், அவளுக்காக. பிறகு போனை எடுத்தேன்.

"சார், நீங்க பாக்காத தப்பு ஒண்ணு இருக்கு. நான் செஞ்சது."

ரோஸலினிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். பயம் இன்னமும் போகவில்லை. ஆனாலும் விரல் நம்பரை அழுத்திவிடுகிறது.