பூஜ்யமாவது வரிசையில் செத்த மரங்கள்

கட்டத்துக்குள் எண் நிரப்புகிற வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எண் தப்பானால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், எண் சரியாக இருந்து கட்டம் தப்பானால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தணிக்கை நாளன்று காவலூர்ப் புளியந்தோட்டத்தில் இருந்தவர்கள்: வேலூரிலிருந்து வந்த அதிகாரி, அவருடைய டிரைவர், எங்கள் சூப்பர்வைசர் கோவிந்தன், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிய ஸ்டெல்லா, பக்கத்து நிலத்துச் சின்னப்பன், நான். ஆக ஆறு பேர். சின்னப்பனின் உழவு மாடுகளையும் சேர்த்தால் எட்டு.

தோட்டத்தில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து, மொத்தம் நூற்றிருபது புளியங்கன்று. எட்டாவது வரை படித்த நான் அங்கே தற்காலிக ஆள். கன்றுகளைக் காப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றின் உயரத்தை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலை. செத்த கன்றுக்கு உயரம் பூஜ்யம் என்று போட வேண்டும். இருபதுக்கு மேல் செத்திருந்தால் ஆளை மாற்றிவிடுவது என்று உத்தரவு. அந்த ஆண்டு செத்தது ஒன்பது. நாலு தடவை எண்ணினேன். இருந்தும் என் வேலை போகப் பார்த்தது. எப்படி என்று சொன்னால், கட்டத்தோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு அது புதிதாக இருக்காது.

தொட்டுப் பார்த்த மரம்

கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஸ்டெல்லா எங்களுக்குச் சொன்னது ஒரே விதி. ஒரு மரத்தைக் கூப்பிட இரண்டு எண் வேண்டும். முதலில் வரிசை, பிறகு நிரல், அதாவது அந்த வரிசையில் எத்தனையாவது மரம் என்பது. கோவிந்தனுக்கு வாயில் எது முதலில் வருகிறதோ அதுதான் முதல் எண். நாலாவது வரிசை ஒன்பதாவது மரத்தில் பூச்சி என்று அவர் ஒன்பது, நாலு என்று எழுதிக் கொடுத்தார். மருந்தடிக்க வந்த ஆள் சீட்டைப் பார்த்து, ஒன்பதாவது வரிசையில் நன்றாக இருந்த மரத்தைக் குளிப்பாட்டிவிட்டுப் போனான்.

இன்னொரு நாள் பன்னிரண்டாவது வரிசை மூன்றாவது மரத்தை மூன்று, பன்னிரண்டு என்று எழுதினார். நானும் அப்படியே தட்டினேன். நிரல் பத்தோடு முடிகிறது, அப்படி ஒரு இடமே கிடையாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. கோவிந்தன் எழுந்து வெளியே போனார். பன்னிரண்டாவது வரிசைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, ஸ்டெல்லா முன்னால் கையை நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு புளிய இலை.

"இப்பதான் தொட்டுட்டு வர்றேன். இந்தக் கம்ப்யூட்டரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டணுமா?"

ஐந்தடி குறைந்த மரம்

மறு ஆண்டு அளவெடுத்து முடித்ததும் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது வரிசை முதல் மரம் போன வருடம் ஒன்பதடி, இந்த வருடம் நாலடி. மரம் எப்படிச் சுருங்கும் என்று கேட்டார். நோட்டில் நாலுதான் இருந்தது. அப்படிச் சுருங்கிய மரங்கள் இருபத்தாறு என்று எண்ணிக்கை மட்டும் சொன்னேன். காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அளந்த விதத்தை நடந்து காட்டச் சொன்னார். கோவிந்தன் அளவுகோலோடு முன்னால், நான் நோட்டோடு பின்னால். முதல் வரிசையில் ஒன்று முதல் பத்து வரை போனோம். கடைசியில் அப்படியே திரும்பி, இரண்டாவது வரிசையில் பத்திலிருந்து ஒன்றுக்கு வந்தோம். போன வருடம் மரத்துக்கு மரம் இரண்டு எண்ணையும் தட்டி ஏற்றினோம்; இந்த வருடம் உயரத்தை மட்டும் வரிசையாகத் தட்ட, புரோகிராமோ ஒவ்வொரு வரிசையையும் ஒன்றிலிருந்துதான் நிரப்பியது. ஆக ஆறு வரிசை, அறுபது மரம், தலைகீழ். புரோகிராமிலேயே திருப்பிவிடலாம் என்றார் ஸ்டெல்லா. எதற்கு வம்பு என்று மறுபடி அளந்தோம். வரிசை முடிந்ததும் வெறுமனே ஆரம்பத்துக்கு நடந்து வந்து அடுத்ததைத் தொடங்கினோம். வரிசைக்கு இருநூற்றெழுபது அடி, பதினோரு தடவை, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது அடி வீண் நடை.

வேலிக்கு அந்தப் பக்கம் உழுதுகொண்டிருந்த சின்னப்பன் மாட்டை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு சால் ஓட்டிட்டு, மாட்ட அவுத்துக்கினு மொத முனைக்கே நடந்து வர்றவன இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்."

நட்டவன் யார்?

இப்போது தணிக்கை. அதற்கு மூன்று நாள் முன்பு கம்ப்யூட்டர் அச்சடித்த தாள் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. அதில் மொத்த இடம் நூற்று நாற்பத்து மூன்று, செத்தது முப்பத்திரண்டு. அதிகாரி மாற்றுக் கன்று முப்பத்திரண்டை ஜீப்பின் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டு, என் இடத்துக்கு வேறு ஆளையும் பார்த்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

செத்த இடங்களைக் காட்டு என்றார். ஒன்பதைக் காட்டினேன். மீதியை அவரே தாளைப் பார்த்துத் தேடினார். பூஜ்யமாவது வரிசை என்று பதினோரு இடம் இருந்தது. முதல் வரிசைக்கு முந்தினது என்று, மர இடைவெளியான முப்பதடியை டேப் பிடித்து அளந்தார். டேப் வேலியைத் தாண்டிச் சின்னப்பனின் உழவுக்குள் போயிற்று. பூஜ்யமாவது நிரலில் பாக்கிப் பன்னிரண்டு இடம். அந்தப் பக்கம் அளந்தால் பஸ் போகிற ரோடு. டிரைவர் ஜீப்பை எடுத்து ஓரமாக விட்டார். தாள்படி ஜீப் நின்ற இடத்திலும் ஒரு மரம் செத்திருந்ததாம்.

எல்லாரும் வேலி ஏறிக் குதித்து உழவுக்குள் நின்றோம். சின்னப்பன் விஷயத்தைக் கேட்டார். கோபப்படவில்லை.

"இங்க பதினோரு மரம் செத்துச்சுன்னு எழுதி வந்திருந்தா, நட்டவன் பேரும் எழுதியிருக்கும். யாருன்னு பார்த்துச் சொல்லுங்க சார். என் நெலத்துல அவனுக்கு இன்னா வேலைன்னு கேக்கணும்."

சட்டைப் பையில் மூன்று நாள்

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். தாள் அச்சான அன்றே எழுதியது. பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சீட்டில் இருந்தது இதுதான்: பன்னிரண்டு வரை வேண்டும் என்று கேட்டால் கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துப் பதிமூன்று வரிசை எடுத்துக்கொள்கிறது. பத்துக்குப் பதினொன்று நிரல். பதிமூன்று பதினொன்று நூற்று நாற்பத்து மூன்று. நாங்கள் நிரப்பியது நூற்றிருபது. நிரப்பாத இருபத்து மூன்று கட்டத்தில் பூஜ்யம் கிடக்க, எண்ணும்போது அதையும் செத்த மரமாகச் சேர்த்துவிட்டது.

ஸ்டெல்லா கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். எண்ணத் தொடங்குகிற இடத்தில் இருந்த இரண்டு பூஜ்யத்தையும் ஒன்று, ஒன்று என்று மாற்றினார். புதுத் தாள் வந்தது: இடம் நூற்றிருபது, செத்தது ஒன்பது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் வேலை தப்பியது. அவர் போனபின் ஸ்டெல்லா சீட்டை என்னிடமே கொடுத்தார்.

"வேலையே போற நெலமையில மூணு நாளா இத்த மடிச்சு வெச்சிருந்தீங்களாண்ணே?"

வந்த கன்று முப்பத்திரண்டு, செத்த இடத்தில் நட்டது ஒன்பது, இல்லாத இடத்துக்காக வந்து என் தலையில் விழுந்து நான் தினமும் எண்ணித் தண்ணீர் ஊற்றிய மீதி, இருபத்து மூன்று.